மூக்கன் சர்வீஸ் செய்த ம்பீரா

பெயர் மூக்கன் என்றாலும் அந்த மனிதருக்குக் கடவுள் தாராளமாக அள்ளிக் கொடுத்தது காதைத்தான். கோத்தகிரியில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் முப்பத்து நான்கு வருடம் ஃபிட்டராக இருந்தவர். ரோலரோ டிரையரோ, எந்த இடத்தில் என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ள அவர் மெஷினைத் திறந்ததே கிடையாது. நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை பேரிங் மேல் வைப்பார், பிடியைக் காதில் ஒட்டிக்கொள்வார், கண்ணை மூடுவார். "வெள்ளிக்கெழம வரைக்கும் தாங்கும்" என்பார். சனிக்கிழமை விடியற்காலையில் அது உடையும். மேட்டுப்பாளையத்தில் பஸ் கிளம்பும்போதே அதன் பின் சக்கரத்து நட்டு ஆடினால் கோத்தகிரியில் மூக்கனுக்குப் பல் கூசும் என்று ஃபேக்டரியில் சொல்வார்கள். அது சுத்தப் பொய். பஸ் குஞ்சப்பனை தாண்டிய பிறகுதான் கூசும்.

ரிட்டயர் ஆகி மூன்று வருடமாகியும் அந்தக் காது ரிட்டயர் ஆகவில்லை. தெருவில் எது லொடலொடத்தாலும் ஸ்பானரோடு போய் நிற்பார். பால்காரரின் சைக்கிள் கேரியர், மாரியம்மன் கோயில் உண்டியல் மூடி, கல்யாண மண்டபத்து ஃபேன் என்று ஒன்றையும் விட்டு வைக்கவில்லை. பக்கத்து வீட்டு மெட்டில்டாவின் இரும்புக் கேட்டுக்கு ஒருநாள் கேட்காமலேயே எண்ணெய் விட்டுவிட்டு வந்தார். மெட்டில்டா போஸ்ட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாய்க்கு ஓய்வு கொடுக்காதவர். வீட்டுக்கே வந்து சண்டை போட்டார்.

"அந்த கேட் கிறீச்சுனு கத்தறத வெச்சுத்தான் யாரோ வர்றாங்கன்னு எனக்குத் தெரியும், மூக்கண்ணே. இப்ப ஆளுங்க நேரா வந்து சமையக்கட்டுல நிக்கறாங்க!"

"சத்தம் போடற சாமான் சீக்குப் புடிச்ச சாமானுங்க, மெட்டில்டாம்மா" என்றார் மூக்கன். அவ்வளவுதான் அவருடைய வேதம்.

இந்த வீட்டுக்குத்தான் ருடெண்டோ வந்து சேர்ந்தார்.

ஜிம்பாப்வே நாட்டின் கிழக்கு மலையில் ஹோண்டே பள்ளத்தாக்கு என்று ஓர் இடம். அங்கே ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி அவர். அந்த ஊர் சிறு விவசாயிகளுக்குத் தலைவி. நம்மூர்ச் சிறு விவசாயிகள் இலையைக் கொண்டுவந்து போட்டுக் கூட்டாக ஃபேக்டரி நடத்தும் விதத்தைப் பார்க்க மூன்று மாதப் பயிற்சிக்கு வந்திருந்தார். தங்க இடம் தேடியபோது மூக்கனின் மனைவி காத்தாயி தங்கள் மாடி அறையைத் திறந்துவிட்டார். ருடெண்டோ முதல் நாள் காத்தாயி கிண்டிய ராகிக் களியைக் கையில் எடுத்து உருட்டினார், ஒரு வாய் போட்டார், எழுந்து வந்து காத்தாயியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர்கள் ஊரிலும் இதேதான் சாப்பாடாம். அன்றிலிருந்து காத்தாயிக்கு அவர் "அம்மிணி" ஆகிவிட்டார். காத்தாயிக்கு ஆங்கிலம் தெரியாது. ருடெண்டோவுக்கு "போதுங்க", "அப்படீங்களா" தவிர அப்போது தமிழ் தெரியாது. ஆனாலும் முதல் வாரம் முடிவதற்குள் இருவரும் தங்கள் நாத்தனார்களைப் பற்றி ஒன்று விடாமல் பேசி முடித்திருந்தார்கள்.

அவர் கொண்டுவந்த பொருள்களில் ஒன்றுதான் ம்பீரா, அவர்கள் ஊர் வாத்தியம். உள்ளங்கை அகலத்தைவிடச் சற்றுப் பெரிய கனத்த பலகை. அதன் மேல் பட்டையாக அடித்த இரும்பு நாக்குகள் இருபத்து நான்கு, நீளமும் குட்டையுமாக வரிசையாகப் படுத்திருக்கும். பலகையை ஓர் அண்டா அளவு சுரைக்குடுவைக்குள் வைத்துக் குச்சியால் முட்டுக் கொடுத்துவிட்டு, குடுவையை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே கை விட்டு வாசிக்க வேண்டும். வேலை செய்வது இரண்டு கட்டைவிரலும் ஒரு ஆள்காட்டி விரலும் மட்டும். கேட்பதோ ஐந்து பேர் ஐந்து மூலையில் உட்கார்ந்து வாசிப்பது போல.

முதல் மாலை ருடெண்டோ வாசிக்க ஆரம்பித்தபோது மூக்கன் கையில் டீ இருந்தது. வாசித்து முடித்தபோது அந்த டீ கோத்தகிரிக் குளிரில் ஐஸ் ஆகி, தம்ளரைக் கவிழ்த்தாலும் விழாத நிலையில் இருந்தது. குறைந்தபட்சம் அவர் ஊரில் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"இந்தப் பாட்டு எந்த எடத்துல ஆரம்பிக்குது? ஸ்டார்ட்டிங் எங்க?" என்று தனக்குத் தெரிந்த ஃபேக்டரி இங்கிலீஷில் கேட்டார்.

ருடெண்டோ யோசித்துவிட்டு, விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். இதற்கு ஆரம்பம் இல்லை. பாட்டு எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நாம் நடுவில் ஏறிக்கொள்கிறோம், நடுவில் இறங்கிக்கொள்கிறோம் என்றார். மூக்கன் அசந்து போனார். ஃபேக்டரி பெல்ட்டைப் பற்றி இத்தனை அழகாக அவரிடம் எந்த மேனேஜரும் பேசியது கிடையாது. ஒரு வட்டம் சுற்றி வருவதற்குள் அடிநாதம் ஒரு பக்கம் நகரும், மேலே இருக்கும் சின்ன நாக்குகள் வேறு பக்கம் இழுக்கும், இரண்டும் இடித்துக்கொள்ளப் போகிறது என்று நெஞ்சு பதறும் நேரத்தில் பல்லும் பல்லும் கவ்வின சக்கரம் மாதிரி பொருந்தி நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் பழைய பாட்டில் புதிதாக ஒன்று கேட்கும்.

அதற்குப் பிறகு மூக்கன் ஊர் முழுக்க ஆள் பிடித்தார். "ஆப்பிரிக்கா சங்கீதம், நம்ம ஊட்டுல, ஆறு மணிக்கு" என்று பஸ் ஸ்டாண்டில் சொன்னார், ரேஷன் கடை வரிசையில் சொன்னார். மூன்றாவது வாரத்தில் மாலை ஆறு மணிக்கு அந்தச் சின்ன ஹாலில் பத்துப் பன்னிரண்டு பேர் சால்வையைப் போர்த்திக்கொண்டு காத்தாயி டீக்காகவும் ம்பீராவுக்காகவும் உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லாம் சரி. ஒன்றே ஒன்றுதான் மூக்கனைக் கொன்றது.

பலகையின் அடிப்பக்கம் ஒரு தகரப் பட்டை. அதில் கம்பியில் கோத்த பாட்டில் மூடிகள். குடுவையின் விளிம்பைச் சுற்றியும் அதே மூடிகள். ஒவ்வொரு நாக்கைத் தட்டும்போதும் அத்தனை மூடிகளும் சேர்ந்து 'ஜ்ஜ்ஜிர்' என்று இரையும். தேன் மாதிரி நாதம், அதன் மேல் தகரக் கூரையில் மழை. மூக்கனுக்கு அது பொன்னி அரிசிச் சோற்றில் கல். பாவம், அந்த ஊரில் நல்ல ஃபிட்டர் இல்லை போலிருக்கிறது என்று ருடெண்டோவுக்காக மனம் உருகினார். யாரோ குடித்துப் போட்ட மூடிகளை யாரோ விளையாட்டாகக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், இவரும் மரியாதைக்காகப் பொறுத்துக்கொள்கிறார் என்பது அவர் முடிவு.

இந்தச் சமயத்தில்தான் ருடெண்டோ அந்த விஷயத்தைச் சொன்னார். மெட்டில்டா மொழிபெயர்த்தார். வருகிற சனிக்கிழமையோடு அவருடைய அம்மா இறந்து ஒரு வருடம் ஆகிறது. ஹோண்டேயில் அன்று சொந்தபந்தம் எல்லோரும் கூடுவார்கள். பயிற்சி முடியாததால் இவரால் போக முடியாது. ஆனால் அம்மாவுக்குப் பிரியமான பாட்டை வாசிக்க வேண்டியது மகள்தான். அதனால் அங்கே மதியம் பன்னிரண்டு மணிக்கு, நமக்கு மூன்றரை மணிக்கு, போனில் முகம் பார்த்தபடியே இங்கிருந்து வாசிப்பார். அவர்கள் அங்கே பாடுவார்கள்.

"அம்மா வருவாங்க" என்றார் ருடெண்டோ, காத்தாயியிடம் கற்ற தமிழில், பக்கத்துத் தெருவிலிருந்து வருவதைப் போல. "கேட்டுட்டு இருப்பாங்க."

காத்தாயி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மூக்கனுக்கோ வேறு எண்ணம் ஓடியது. அப்பேர்ப்பட்ட நாளில் இந்த லொடலொடப்போடு போய் நிற்பதா?

வியாழக்கிழமை காலை ருடெண்டோ தோட்டங்களைப் பார்க்க மஞ்சூருக்குப் புறப்பட்டார். இரண்டு நாள். அந்த வளைவுகளில் சுரைக்குடுவை தாங்காது என்று ம்பீராவை ஹாலிலேயே வைத்துவிட்டுப் போனார். பஸ் கண்ணுக்கு மறைவதற்குள் மூக்கன் டூல்ஸ் பெட்டியைத் திறந்துவிட்டார்.

"ஏனுங்க, அடுத்தவங்க பொருளு. கேக்காம தொடாதீங்க" என்றார் காத்தாயி.

"ஏம்புள்ள, பொறந்த நாளுக்குச் சட்டை எடுத்துக் குடுக்கறவன் கேட்டுட்டா எடுப்பான்?"

அன்று அவர் செய்த சர்வீஸை எந்த ஃபேக்டரியிலும் எந்த மெஷினுக்கும் யாரும் செய்திருக்க மாட்டார்கள். மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மொத்தம் இருபத்தேழு. கம்பிகளை நறுக்கி, முனையை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கினார். குச்சிக்கும் குடுவைக்கும் நடுவே ரப்பர் வாஷர் வைத்தார். ஒரு நாக்கைத் தட்டினார். டிங். வெள்ளிக் கிண்ணத்தில் ஒரே ஒரு அரிசி விழுந்தது போல. ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது மனிதருக்கு. மெட்டில்டாவைக் கூப்பிட்டுத் தட்டிக் காட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் மெட்டில்டா. "என்னமோ கொறையுது."

"கொறையறது நோவுங்க, மெட்டில்டாம்மா! நோவு!"

இருபத்தேழு மூடிகளும் குப்பை வண்டியில் ஏறிப் போயின.

வெள்ளிக்கிழமை மதியம் ருடெண்டோ திரும்பினார். கை கால் கழுவியதும் மூக்கன் அவரைக் கையோடு ஹாலுக்கு அழைத்து வந்து உட்கார வைத்தார். "சர்ப்ரைஸ்" என்றார். ருடெண்டோ சிரித்துக்கொண்டே குடுவையை மடியில் எடுத்து வைத்து, விரலை ஓட்டினார். அரை வட்டம் போனார். நின்றார். மறுபடி ஒரு நாக்கைத் தட்டிக் காத்திருந்தார், ஏதோ ஒன்று பின்னால் வந்து சேர வேண்டும் என்பது போல. எதுவும் வரவில்லை. பலகையைத் திருப்பிப் பார்த்தார். அவருடைய கட்டைவிரல் அந்த வெறும் தகரப் பட்டையின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகப் போனது.

"நோ சவுண்ட்! ஃபுல் சர்வீஸ்!" என்றார் மூக்கன்.

ருடெண்டோ நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அந்த மகிழ்ந்த முகத்தைப் பார்த்துவிட்டு யாரால் என்ன சொல்ல முடியும்? "ரொம்ப நன்றிங்க, அண்ணா" என்றார். குடுவையைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார்.

காத்தாயி களி கிண்டி, கீரை கடைந்து கூப்பிட்டார். "போதுங்க" என்று மாடியிலிருந்து குரல் வந்தது. களியை வேண்டாம் என்று ருடெண்டோ சொன்னால் பூமி அச்சிலிருந்து கழன்றுவிட்டது என்று பொருள். காத்தாயி கரண்டியைப் போட்டுவிட்டு, மெட்டில்டாவை இழுத்துக்கொண்டு மாடி ஏறினார். கால் மணி நேரம் கழித்து இருவரும் இறங்கி வந்தபோது மூக்கன் நாற்காலியில் இன்னும் பெருமையோடு கால்மேல் கால் போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த லொடலொடப்புதான் வேணுமாம்" என்றார் காத்தாயி.

"எது?"

"நீங்க குப்பையில போட்டது."

கால் கீழே இறங்கியது. மெட்டில்டா விளக்கினார். "அது கோளாறு இல்ல மூக்கண்ணே, அதுதான் உசுரு. அந்த எரைச்சலுக்குன்னே கட்டறதாம். சுத்தமா மணி மாதிரி கேட்டா அவங்களுக்கு அது வெறும் இரும்பு. எரைச்சல் இருந்தாத்தான் மனசு அடங்கும், செத்துப்போன பெரியவங்க காது குடுப்பாங்க. நாளைக்கு அவங்க அம்மா எதக் கேட்டு வருவாங்கன்னு கேக்கறா."

"உடுக்க அடிக்காம நம்ம கொலசாமி எறங்குமாங்க?" என்றார் காத்தாயி. "நீங்க அந்த உடுக்கைக்குப் பஞ்சு வெச்சு அடைச்சிருக்கீங்க."

முப்பத்து நான்கு வருட சர்வீஸில் மூக்கன் கைபட்டு ஒரு மெஷின் கெட்டதில்லை. அவருக்குக் காது இரண்டும் சூடேறின. பிறகு எழுந்து, படி ஏறி, மாடி அறை வாசலில் நின்றார். ருடெண்டோ கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் குடுவை. மூக்கனுக்கு வந்த ஆங்கிலம் அத்தனையும் எங்கோ ஓடிப் போயிருந்தது.

"என் தப்பு, அம்மிணி" என்று தமிழிலேயே சொன்னார்.

ருடெண்டோவுக்குப் புரிந்தது. மூடிகள் போனால் போகட்டும், மூடிகள் வரும் போகும், இதை முன்பு வாசித்த அம்மாவே மூன்று முறை மாற்றியிருக்கிறார் என்று நிதானமாக, கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். மூடி முக்கியமில்லை. அந்தச் சத்தம்தான். நாளை மூன்றரைக்குள் அது வந்துவிடுமா?

"வரும்" என்றார் மூக்கன். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு லொடலொடப்பை வா என்று கூப்பிட்டார்.

குப்பை தரம் பிரிக்கும் கொட்டகைக்கு ஓடினார். வியாழக்கிழமை வந்த இரும்பெல்லாம் அன்று காலையே லாரி ஏறிவிட்டதாம். பெட்டிக்கடையில் கேட்டால் நான்கே நான்கு சோடா மூடி கிடைத்தது. பேக்கரியில் மூன்று. இன்னும் இருபது வேண்டும். கோத்தகிரியில் ஒரே இடத்தில் இருபது மூடி கிடைக்கக்கூடிய ஸ்தலம் ஒன்றுதான் உண்டு. பகல் வெளிச்சத்தில், ஊரறிய, மூக்கன் டாஸ்மாக் கடை வாசலுக்குப் போனார். பீர் வாடை அடித்தாலே மறுபக்கம் நடக்கிற மனிதர். அங்கே குனிந்து தரையில் தேட ஆரம்பித்தார்.

உள்ளே, ஃபேக்டரி டிரையர் செக்ஷனில் அவரோடு வேலை பார்த்த சிவகுரு இருந்தார். வெளியே எட்டிப் பார்த்துக் கண்ணைக் கசக்கினார்.

"மூக்கண்ணே? நீங்களா? இத்தன வருசம் எங்கள ஏமாத்திட்டீங்களே! வாங்க, உக்காருங்க!"

"மூடி குடு, சிவகுரு."

"மூடியா?"

"பாட்டில் மூடி. இருவது வேணும்."

சிவகுரு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "டேய், அண்ணன் மூடி கேக்கறாரு! உள்ள இருக்கறது நம்மளுக்காமா!"

அரை மணி நேரத்தில் இருபது இல்லை, முப்பத்தொன்று சேர்ந்தன. மூக்கனுக்காக இரண்டு பேர் வேண்டுமென்றே கூட இரண்டு பாட்டில் திறந்ததாகவும் தகவல் உண்டு. அவர் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி அவரை முந்திக்கொண்டு வந்துவிட்டது. மூக்கன் தினமும் முப்பத்தொரு பாட்டில் குடிக்கிறார், கணக்குக்கு மூடியைச் சேர்த்து வைக்கிறார் என்பது வரை அது வளர்ந்திருந்தது.

சனிக்கிழமை காலை கஞ்சி குடித்த கையோடு வாசலில் வேலை தொடங்கியது. முதல் மூடியைக் கோத்துத் தட்டினார். தொப். செத்த எலி விழுந்தது போலக் கேட்டது. திருப்பிப் பார்த்தால், இந்தக் காலத்து மூடிக்குள் பிளாஸ்டிக் பூச்சு. முப்பத்தெட்டு மூடியையும் அடுப்பில் வாட்டி, கத்தியால் சுரண்டி எடுத்தார். மறுபடி கோத்தார். இப்போது சத்தம் வந்தது, ஆனால் பயந்து பயந்து, தொண்டை கட்டியவன் பேசுவது போல வந்தது. ருடெண்டோ பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

விஷயம் இதுதான். மூடியில் போடும் ஓட்டை கம்பியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக? மூக்கனுக்குத் தெரிந்ததெல்லாம் எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும் என்பதுதான். ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டு, அவரை அறியாமலேயே கம்பியை முறுக்கி இறுக்கிவிடுவார்.

"மறுபடி இறுக்கறீங்க" என்றார் காத்தாயி.

"நான் எங்க இறுக்கறேன்? கை போகுது."

"கையக் கட்டி வெக்கட்டுமா?"

மதியம் தாண்டித்தான் இருபத்தேழும் ஏறின. ரப்பர் வாஷரும் போய்விட்டது. ருடெண்டோ வாசித்துப் பார்த்தார். இரைந்தது. "நல்லாருக்குங்க" என்றார். அதை அவர் சொன்ன விதம் மூக்கனுக்குத் தெரிந்த விதம்தான். உடைந்த ரோலரைப் பார்த்து மேனேஜர் ஓட்டுங்க ஓட்டுங்க என்பாரே, அந்த மாதிரி. ஆனால் மணி மூன்றாகிவிட்டது.

வாசலில் பாய் விரித்தார்கள். வழக்கமாக ஆறு மணிக்கு வருகிறவர்கள் மூன்றேகாலுக்கே வந்துவிட்டார்கள், இன்று டீக்காக இல்லை என்று முகத்திலேயே தெரியும்படி. பனி கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தார் மெட்டில்டா. சரியாக மூன்றரைக்கு அது ஒலித்தது.

திரையில் ஒரு மரம். மரத்தடியில் நாற்பது ஐம்பது பேர். முன்வரிசையில் பெரிய நாற்காலியில் ஒரு கிழவி, தலையில் வெள்ளைத் துணி, கையில் தடி. இறந்துபோனவரின் அக்கா, ருடெண்டோவின் பெரியம்மா. அவரும் ஒரு காலத்தில் ம்பீரா வாசித்தவர்தான் என்று ருடெண்டோ ஏற்கனவே சொல்லியிருந்தார். இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டார்கள், கை ஆட்டிக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் அமைதியானார்கள். ருடெண்டோ குடுவைக்குள் கை விட்டார்.

இரண்டு சுற்றுப் போயிருக்கும். அங்கே யாரும் பாடவில்லை. கிழவி தடியைத் தூக்கினார். ஏதோ கேட்டார். ருடெண்டோவின் விரல்கள் நின்றன. கீழே பார்த்தபடி மெல்லப் பதில் சொன்னார். கிழவி மறுபடி ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றார் மூக்கன்.

ருடெண்டோ தயங்கினார். மெட்டில்டா தூண்டித் தூண்டிக் கேட்டு வாங்கினார். "மூக்கண்ணே, அந்தப் பெரியம்மா கேக்கறாங்க... இதக் கட்டின ஆளு எதுக்கு இத்தன பயப்படறாருன்னு."

ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து, ஒரு கிழவி, காதை மட்டும் வைத்துக்கொண்டு, மெஷினைத் திறக்காமலேயே, கோளாறு எந்த இடத்தில் என்று சொல்லிவிட்டார். கோளாறு மூடியில் இல்லை. மூக்கனிடம்.

மூக்கன் எழுந்தார். குறடை எடுத்தார். ருடெண்டோவின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து முதல் கம்பியை அரைச் சுற்று தளர்த்தினார். ருடெண்டோ ஒரு நாக்கைத் தட்டினார். திரையில் கிழவி தலையை ஆட்டவில்லை. இன்னும் அரைச் சுற்று. கிழவி தடியால் தரையைத் தட்டினார்: இன்னும். மூக்கனுக்கு நெற்றி வேர்த்தது. கோத்தகிரியில், மார்கழிப் பனியில், வேர்த்தது. இதற்கு மேல் தளர்த்தினால் மூடி கையோடு வந்துவிடும் என்று அவருடைய உடம்பில் இருந்த ஒவ்வொரு எலும்பும் சொன்னது.

"விடுங்க. கழண்டு விழுந்தாலும் பரவால்ல" என்றார் காத்தாயி, மிக மெதுவாக.

மூக்கன் கண்ணை மூடிக்கொண்டு இருபத்தேழு கம்பிகளையும், ஒன்று விடாமல், இரண்டு முழுச் சுற்றுத் தளர்த்தினார்.

ருடெண்டோ தட்டினார்.

ஜ்ஜ்ஜிர்ர்ர் என்று அது எழுந்த எழுச்சியில் கூரை மேல் இருந்த காக்கை பறந்தது. தனித்தனி மூடியாகக் கேட்கவில்லை. ஈரக் காற்று சில்வர் ஓக் மரங்களில் புகுந்து வெளிவருவது போல ஒரே இரைச்சல். அதற்கு உள்ளே, ஆழத்தில், நாதம் நடந்து வந்தது. இப்போதுதான் மூக்கனுக்குத் தெரிந்தது. அவர் வியாழக்கிழமை கேட்ட அந்தச் சுத்தமான டிங் பாட்டின் எலும்புதான். எலும்பைப் பார்த்துவிட்டு ஆள் அழகாயிருக்கிறாள் என்று ஆனந்தக் கண்ணீர் விட்டிருக்கிறார்.

கிழவி தடியைக் கீழே போட்டார். வாயைத் திறந்தார். மரத்தடியில் ஐம்பது தொண்டைகளும் திறந்துகொண்டன. போனின் சின்ன ஸ்பீக்கர் எப்படி வெடிக்காமல் இருந்தது என்று மெட்டில்டா இன்றுவரை ஆச்சரியப்படுகிறார். அவர்கள் கை தட்டினார்கள், மூன்று மூன்றாக. இந்தப் பக்கம் காத்தாயியின் கைகள் தாமாகவே சேர்ந்துகொண்டன. கும்மிக்குத் தட்டுகிற அதே மூன்றுதான். பாயில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வட்டம் கட்டினார்கள். ஒரு பாட்டு, இரண்டு மலை. எந்தக் கைதட்டல் எந்த மலையிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை.

ருடெண்டோ கண்ணை மூடி வாசித்தார். கன்னத்தில் நீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கக் கை இல்லை. ஒரு கட்டத்தில் அவர் உதடு அசைந்தது. தன் மொழியில், தாழ்ந்த குரலில், எதிரே யாரோ உட்கார்ந்திருப்பது போல ஏதோ பேசினார். மூக்கனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அர்த்தம் கேட்கவும் இல்லை. ஒரு மூடி கம்பியோடு கழன்று துள்ளி அவர் மடியில் வந்து விழுந்தது. அதை எடுத்துக் கையில் மூடிக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் அந்த வட்டம் சுற்றியது. நின்றபோது பனி வாசல் முழுக்க வந்துவிட்டிருந்தது. ருடெண்டோ குடுவையிலிருந்து கையை எடுத்து, மூக்கனின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"வந்தாங்க, அண்ணா" என்றார். "அம்மா வந்தாங்க."

கழன்று விழுந்த மூடியை மூக்கன் அவர் உள்ளங்கையில் வைத்தார்.

திரையில் கிழவி மறுபடி தடியைத் தேடி எடுத்து ஆட்டினார். அந்தக் குறடு வைத்திருந்தவரை முன்னால் வரச் சொல்லு என்கிறாராம். மூக்கன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போன் முன்னால் குனிந்தார். கிழவி கண்ணை இடுக்கி அவரை மேலும் கீழும் நன்றாகப் பார்த்தார். பிறகு நீளமாக ஏதோ சொன்னார். மரத்தடியே சிரிப்பில் சரிந்தது. ருடெண்டோ குடுவை கீழே விழும் அளவுக்குச் சிரித்தார்.

"என்ன? இன்னும் லூஸ் பண்ணணுமா?" என்றார் மூக்கன் கலவரமாக.

ருடெண்டோ சிரிப்புக்கு நடுவே இங்கிலீஷில் சொன்னதைக் கேட்டுவிட்டு, மெட்டில்டா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "இல்லண்ணே. சொன்னா கேக்கற ஆம்பளைய அந்தம்மா இந்த வயசுல இப்பத்தான் பாக்கறாங்களாம். உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு கேக்கறாங்க."

காத்தாயி கும்மி வட்டத்திலிருந்து மூச்சிரைக்க வந்து, கணவரின் தோளை ஒதுக்கி, திரைக்குள் தன் முகத்தை வைத்தார்.

"வேணும்னா கூட்டிட்டுப் போகச் சொல்லு அம்மிணி. ஆனா ஒருக்கா குடுத்தாக் குடுத்ததுதான், திருப்பி வாங்கிக்க மாட்டோம்னு இப்பவே சொல்லிரு!"